பத்தும் ஒரே மாதிரி

கடுகு செய்த முதல் கேக்கைக் கத்தியால் வெட்ட முடியவில்லை. இடப்பக்கம் கரி, வலப்பக்கம் கூழ். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் அது கேக்காக இருந்தது.

"நடுவுல மட்டும் நறுக்கி வித்தா என்ன அண்ணி?"

"பஸ் டிக்கெட் அகலம்தான் வரும். வாங்கறவன் நடத்துனர்கிட்ட நீட்டிடுவான்."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அப்போதெல்லாம் நேரம் காலம் கிடையாது.

கடுகு என் கணவரின் தங்கை. உருவத்தைப் பார்த்து வீட்டில் வைத்த பெயர், வாய்க்கும் பொருந்திப்போயிற்று. கல்யாணம் ஆறு வருடத்தில் முறிந்து, ஒரு பையும் ஒரு குடையுமாக எங்களிடம் வந்தாள். என் கணவர் தொலைதூர லாரி ஓட்டுகிறவர். பத்து நாளைக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். பகலில் வீடு முழுக்கக் கடுகினுடையது.

அவர்களுக்கு ஒரு பெரியண்ணன் உண்டு. வேறு ஊரில் இரும்புக்கடை. கடுகைத் தன் வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நின்றார். படுக்கையில் கிடக்கும் தன் மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ஒருநாள் என் கணவரிடம் அவர் போனில் பேசியது, ஸ்பீக்கரில் இருந்ததால், எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"அவளுக்கு எதையும் முழுசா செய்ய வராதுடா. படிப்பு பாதி, தையல் பாதி, கல்யாணம் பாதி. இங்க வந்து இருந்தா சோறாவது முழுசாக் கிடைக்கும். அடுத்த மாசக் கடைசியில வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சோறு முழுசு, நான் பாதி" என்றாள் கடுகு, போன் அணைந்த பிறகு. பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்குன்னு ஒரு வேலை இருந்தா வரலைன்னு சொல்லலாம் அண்ணி. ஒண்ணே ஒண்ணு. முழுசா" என்றாள். இந்த முறை சிரிக்கவில்லை.

எதிர்த்தெருவில் ஓர் அலுவலகக் கட்டடம். அதன் கேன்டீனை நடத்துகிறவர் வெளியிலிருந்து கேக் வாங்குகிறார் என்று மாடி வீட்டுத் தையல்கார அக்கா சொன்னாள். போய்க் கேட்டோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்கேலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ருசியெல்லாம் இரண்டாவதும்மா. நான் துண்டு போட்டு விக்கறவன். ஒருத்தன் துண்டு உயரம், இன்னொருத்தன் துண்டு குட்டை, ஒண்ணு கருகல், ஒண்ணு வெளுப்புன்னு இருந்தா என் சட்டையைப் பிடிப்பாங்க. அடுத்த மாசம் இருபத்தஞ்சாம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பத்து கேக் கொண்டு வாங்க. பத்தும் ஒரே மாதிரி இருந்தா வாராவாரம் உங்களுதுதான்."

வெளியே வந்ததும் கடுகு, "கேக்கைப் பொண்ணு பார்க்கற மாதிரி பார்க்கறாரே. உயரம், நிறம், பல்வரிசை" என்றாள். அன்றிலிருந்து அவருக்கு வீட்டில் ஸ்கேல்காரர் என்று பெயர்.

எங்களுக்கு இருந்தது பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு கேஸ் ஓவன். குமிழில் எண்கள் தேய்ந்துபோயிருந்தன. கதவைச் சாத்த வேண்டுமென்றால் முழங்காலால் ஓர் உதை வேண்டும். புதிதாக எதையும் வாங்க வழியில்லை, இருப்பதை வைத்துத்தான் சரிசெய்தாக வேண்டும். கடுகு அதில் இறங்கிய விதத்தைப் பெரியண்ணன் ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

சர்க்கரை ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு வந்தால்தான் சட்டென்று உருகும் என்று எங்கோ படித்துவிட்டு வந்தாள். ஆறு சோடா மூடிகளில் ஆளுக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு, ஓவனுக்குள் ஆறு இடத்தில் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தாள். இடது பின்மூலை மூடியில் சர்க்கரை உருகிப் பழுப்பானபோது வலது முன்மூலையில் அது வெள்ளையாகவே இருந்தது. "பாருங்க அண்ணி, ஒரே வீட்டுல ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தனுக்குக் குளிர்" என்றாள். எந்த மூலை எத்தனை நிமிடம் என்று ஒரு காகிதத்தில் படமாகப் போட்டுக்கொண்டாள்.

கேக் நடுவில் மலைபோல உப்பி வெடிப்பதை நிறுத்த, என் கணவரின் பழைய பனியனைக் கீறி, நனைத்து, அச்சைச் சுற்றிக் கட்டினாள். ஓரம் மெதுவாக வெந்ததால் மேல்பக்கம் மட்டமாக வந்தது. இரண்டு அச்சிலும் சமமாக மாவு ஊற்ற, அச்சகத்தில் தபால் நிறுக்கும் தராசை நான் கேட்டு வாங்கி வந்தேன். முட்டைகளையும் அதில் நிறுத்துப் பார்த்து, இளைத்த முட்டையோடு கொழுத்த முட்டையை ஜோடி சேர்த்தாள். பாலில் கொஞ்சம் வினிகர் விட்டுத் திரித்து ஊற்றினால் கேக் மிருதுவாகும் என்று கண்டுபிடித்தாள். மூன்று வாரத்தில் ருசி வந்துவிட்டது, உயரம் வந்துவிட்டது. நிறம் மட்டும் வரவில்லை. இடப்பக்கம் கருகிக்கொண்டே இருந்தது. பாதியில் கதவைத் திறந்து அச்சைத் திருப்பி வைத்தால் கேக் நடுவில் குழிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவளோடு தரையில் உட்கார்ந்து ஓவனுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே அடித்தட்டு ஓர் இரும்புத் தகடு. அதன் இரு ஓரத்திலும் வரிசையாக நீளத் துளைகள். தகடு வளைந்திருந்ததால் இடப்பக்கத் துளைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கீழே எரியும் நெருப்பின் சூடு அந்த வழியாகத்தான் குப்பென்று ஏறியது.

"இந்த ஓட்டையாலதாண்டி எல்லாம்" என்றேன். "மூடிட்டா சூடு தகடு வழியா மட்டும் வரும். சமமா வரும்."

"மூடலாமா அண்ணி? எதுக்காவதுதானே வெச்சிருப்பாங்க?"

"சிந்தினது கீழ விழறதுக்கா இருக்கும்."

அவள் ஒரு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "நீங்க புஸ்தகத்துலயே குடியிருக்கறவங்க. நீங்க சொன்னா சரி" என்றாள்.

குளியலறைக்குப் போட்டது போக மிச்சமிருந்த மூன்று டைல்ஸைத் தகட்டின்மேல் பரப்பினேன். ஓரங்களில் அலுமினியத் தாளை மடித்து வைத்து, ஒரு துளைகூடத் தெரியாமல் அழுத்தினேன். அவள் தாளைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அளவெடுத்ததும் வெட்டியதும் மூடியதும் நான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய வருடம் எங்கள் அச்சகத்தில் கேஸ் அடுப்புகளுக்கான ஒரு கையேடு அச்சானது. மூன்று முறை அதைத் திருத்தியவள் நான். பதினோராம் பக்கத்தில், ஓவனின் அடித்தட்டிலுள்ள துளைகளை எதைக் கொண்டும் மூடக் கூடாது, மூடினால் நெருப்புக்குக் காற்றோட்டம் குறைந்து மணமில்லாத நச்சு வாயு உண்டாகும் என்று இருக்கிறது. அந்த வாக்கியத்தின் முடிவில் புள்ளி விடுபட்டிருந்தது. நான் சேர்த்திருக்கிறேன். பழைய திருத்தப்படிகளின் கட்டை அவிழ்த்துப் பிறகு பார்த்தேன், என் சிவப்பு மை. எங்கள் தொழிலில் பொருளின் பின்னால் மனம் போனால் எழுத்து நழுவிவிடும். அதனால் நாங்கள் படிப்பதில்லை, பார்க்கிறோம். இருபது வருடமாக அப்படிப் பார்த்துப் பார்த்து, எத்தனை விஷயங்கள் என் கண் வழியாகப் போய் எங்கும் தங்காமல் வெளியேறினவோ தெரியாது. தெரிந்தது இந்த ஒன்றுதான்.

டைல்ஸ் போட்ட பிறகு வந்த கேக்கை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம். நாலு பக்கமும் ஒரே பழுப்பு. கடுகு அதைத் தட்டோடு தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். "அக்கா, எது இடம் எது வலம்னு சொல்லுங்க பார்ப்போம்!" என்று அவள் கத்தியது எனக்குக் கீழே கேட்டது.

நெருப்பு முன்பு நீலமாக எரிந்தது, இப்போது மஞ்சளாக ஆடியது. "முன்னாடி பார்த்தா பனிக்கட்டி மாதிரி இருந்துச்சு, இப்பதான் அடுப்பு மாதிரி இருக்கு" என்றாள். எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது. தகட்டின் அடியில் கரி படிந்ததைப் பழைய ஓவனின் அழுக்கு என்று துடைத்தோம்.

அடுத்த இரண்டு ஞாயிறும் எங்கள் இருவருக்கும் தலைவலி. அவளுக்குக் கூடுதலாகக் குமட்டல். "என் கேக்கை ருசி பார்த்தே எனக்கு வாந்தி வந்தா, விக்கறதுக்கு என்ன லட்சணம்?" என்றாள். எனக்குத் திங்கட்கிழமை வேலைக்குப் போனால் சரியாகிவிடும். கண்ணுக்கு ஓய்வு கிடைத்ததால் என்று நினைத்தேன், வேலையே கண்ணால்தான் செய்கிறேன் என்பதைக்கூட யோசிக்காமல். அவளைக் கண்ணாடிக்கடைக்கு அனுப்பி வைத்தேன். கடைக்காரர் சோதித்துவிட்டு, "பவர் மாறலையேம்மா, பழைய கண்ணாடியே போதும்" என்றாராம். "நேர்மையான மனுஷன். இல்லேன்னா கேக்குக்கு முட்டை வாங்கவே காசு இருந்திருக்காது" என்று திரும்பி வந்தாள்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை. காற்று வேறு. சமையலறை ஜன்னலின் சட்டம் சுருங்கி விரற்கடை இடைவெளி இருந்தது. காற்றடித்தால் ஓவன் நெருப்பு பதறும், சூடு ஏறி இறங்கும். ஒரு தடவைக்கு இரண்டு கேக்தான் வைக்க முடியும். பத்துக்கு ஐந்து தடவை. ஐந்து தடவையும் சூடு ஒரே மாதிரி நிற்க வேண்டும்.

"இந்தக் காத்து நம்ம பொழப்பைக் கெடுத்துடும் அண்ணி."

வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும், கைப்பையில் இருந்த வேண்டாத அச்சுத்தாள்களை மடித்து அந்த இடைவெளியில் திணித்துவிட்டுத்தான் போனேன். மூன்று மணிக்கு வந்து தூக்கிக்கொண்டு போக உதவுகிறேன் என்றேன். வாசல்வரை வந்தாள். மூக்கில் மாவு.

"பெரியண்ணன் நாளைக்குக் காலையில வரேன்னு போன் பண்ணாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வாங்க, ஆனா பெட்டி தூக்க இல்ல, கேக் திங்க வாங்கன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"பாதி வேகாம குடுக்காதேன்னாரு." நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மூன்று மணிக்கு நான் வந்தபோது படிக்கட்டிலேயே வெனிலா மணம். அதில் கொஞ்சம் தீய்ந்த வாடையும் இருந்தது. சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தேன். மேசைமேல் எட்டு கேக் இரண்டு வரிசையில். கடுகு தரையில் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கன்னம் இரண்டும் சிவந்து, அவள் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு தெளிவு.

"என்னடி இது, அடுப்புல வெச்சுட்டுத் தூங்கறே? கருகுது பாரு!"

ஓடிப்போய் முதலில் ஓவனை அணைத்தேன். துணியைத் தேடி எடுத்தேன். உள்ளேயிருந்த இரண்டு அச்சையும் வெளியே இழுத்தேன், கரி. "ரெண்டு போச்சு. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. மாவு இருக்கா?" என்று அவளைக் கேட்டேன். மாவு இருக்கிறதா என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் தோளைத் தொட்டேன்.

கத்தினேன் என்று நினைக்கிறேன். தலை சுற்றி அங்கேயே விழுந்தேன். மாடி வீட்டு அக்கா ஓடி வந்து, தையல் மேசைக் கத்தரிக்கோலாலேயே ஜன்னல் கண்ணாடியை உடைத்து, என்னை இழுத்துப் போட்டாள். கடுகையும் இழுத்தாள், என்னை இழுத்ததில் மட்டும்தான் பயன் இருந்தது.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அதற்குள் எல்லாம் முடிவாகியிருந்தது. கேஸ் அலுவலகத்து ஆட்கள் டார்ச் அடித்துப் பார்த்து, துளைகளை மூடியதுதான் காரணம் என்று எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். யார் மூடியது என்று அவர்கள் கேட்டபோது, ஓவனைப் புழங்கியவள் யார் என்று பார்த்து, வீட்டிலிருந்தவர்கள் அவளைத்தான் சொல்லியிருந்தார்கள்.

கூடம் நிறைய ஆட்கள். மழையில் நனைந்து தூரத்திலிருந்து வந்தவர்கள். அடுப்பு மூட்ட யாருக்கும் தைரியம் இல்லை. மாடி வீட்டு அக்கா தன் வீட்டில் தேநீர் போட்டு எடுத்து வந்தாள். கூடவே ஒரு பெரிய தட்டில் கேக் துண்டுகள். குழந்தைகள் பசியோடு இருந்தன, வேறு எதுவும் வீட்டில் இல்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். தட்டு கை மாறி மாறி வந்தது. எல்லோரும் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். என் கண் தன் பழக்கப்படி ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒருமுறை போய் வந்தது. பிழை இல்லை. இடமும் வலமும் ஒரே நிறம். வாயில் வைத்தேன். மிருதுவாக இருந்தது.

ஸ்கேல்காரரும் வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலருகிலேயே நின்றார். தட்டு அவரிடம் போனபோது ஒரு துண்டை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார்.

பெரியண்ணன் என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றார். "எதையும் முழுசாத் தெரிஞ்சுக்காம இறங்காதேன்னு. கேஸை மிச்சம் பிடிக்கறேன்னு ஓட்டையை அடைச்சிருக்கா. கடைசிவரைக்கும் அரைகுறையாவே போயிட்டாளே!"

"மூடினது நான்" என்றேன்.

பக்கத்தில் இருந்த பெண் என் முதுகைத் தடவினாள். "பாவம், ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி" என்றாள்.

"நான்தான் மூடினேன். அவ மூடலாமான்னு கேட்டா. நான்தான் சொன்னேன்."

"அப்படியெல்லாம் நினைக்காதேம்மா" என்றார் பெரியண்ணன். "நீ வேலைக்குப் போனவ. உனக்கு என்ன தெரியும்? அவ குணம் எங்களுக்குத் தெரியாதா?" அவர் கண்ணில் உண்மையான இரக்கம் இருந்தது. அதற்கு எதிரே என் வார்த்தைகளுக்கு எடை இல்லாமல் போயிற்று. மருந்து மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று யாரோ சொன்னார்கள். என்னை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

அதன் பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மாடி வீட்டு அக்காவிடம், அச்சகத்தில் உடன் வேலை செய்கிறவளிடம், கேன்டீனுக்குப் போய் ஸ்கேல்காரரிடம்கூட. எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார்கள். துக்கத்தில் பேசுகிறவள் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், அதன் பிறகு உண்மை சொல்ல வழியே கிடையாது. தெருவில், கேஸை மிச்சம் பிடிக்கப் போய் உயிரை விட்ட பெண் என்றுதான் அவளைச் சொல்கிறார்கள். ஒரு துளி கேஸைக்கூட மிச்சம் பிடிக்க நினைத்தவள் இல்லை அவள். ஐந்து தடவை ஓவனை மூட்டினாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அச்சகத்திலிருந்து எடுத்து வந்த பதினோராம் பக்கத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். துளைகளை மூடிய ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். டைல்ஸ், தாள், அவள் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், ஜன்னலில் திணித்த காகிதம். அழாமல் சொன்னேன், அழுதால் நம்ப மாட்டார் என்று.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தைப் படித்தார். என்னைப்போல் இல்லை, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக.

"சரி" என்றார் கடைசியில். "நீதான். இப்ப நான் என்ன செய்யணும்?"

அடிப்பார் என்றோ, போய்விடுவார் என்றோ ஆயிரம் முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இப்படிக் கேட்பார் என்று நினைக்கவில்லை.

"பெரியண்ணன்கிட்ட சொல்லுங்க. அவ எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சான்னு. தப்பு அவளுது இல்லைன்னு. நீங்க சொன்னா நம்புவாரு."

அவர் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போடவில்லை. ஆனாலும் பெரியண்ணன் குரல் எனக்குக் கேட்டது. கடை எப்படி, லாரி எப்படி, சாப்பாட்டுக்கு என்ன என்று விசாரித்தார். "தங்கச்சி எப்படியிருக்கா? இன்னும் அப்படியேதான் பேசிட்டிருக்காளா?" என்று என்னைப் பற்றிக் கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். பக்கத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இல்லண்ணா" என்றார். "இப்ப பரவாயில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."